மவுண்ட் கென்யா: கூட்டமில்லாத சொகோரியா ரூட்ல ஏறி லெனானா உச்சிக்குப் போக முழு வழிகாட்டி

ஆப்பிரிக்கால மலை ஏறப்போறேன்னு யார் சொன்னாலும் அடுத்த வார்த்தை கிளிமஞ்சாரோ தான். 5895 மீட்டர், அந்தக் கண்டத்துலயே உயரமானது, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா அங்கிருந்து வடக்க சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலயே மவுண்ட் கென்யா நிக்குது, அதை நம்ம ஆளுங்க பெரும்பாலும் கண்டுக்கிறதே இல்ல. என்னைக் கேட்டா நடக்கிறதுக்கு அழகான மலை இதுதான். அதுலயும் கிழக்குப் பக்கம் சொகோரியாங்கிற ஊர்ல ஆரம்பிக்கிற ரூட் இருக்கே, பள்ளத்தாக்கு, ஏரி, அருவினு ஒவ்வொரு நாளும் வேற உலகம், கூட்டமும் கம்மி. அந்த ரூட்ட எப்படிப் போகணும்னு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இங்க எழுதுறேன்.

முதல்ல எந்த உச்சின்னு தெளிவா இருந்துக்கோங்க. இந்த மலைல மூணு உச்சியோட பேரு தான் அடிக்கடி அடிபடும். பாட்டியன் 5199 மீட்டர், நெலியன் 5188 மீட்டர், லெனானா 4985 மீட்டர். மூணுமே மசாய் இனத் தலைவர்களோட பேரு. பாட்டியனும் நெலியனும் கயிறு போட்டுப் பாறை ஏறத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும், 1899-ல மெக்கிண்டர்ங்கிற பிரிட்டிஷ் புவியியலாளரோட குழுதான் பாட்டியன்ல முதல்ல ஏறினது, அதுக்கப்புறம் நெலியன்ல ஆள் ஏற 1929 வரைக்கும் ஆச்சு. நம்மள மாதிரி நடக்கிறவங்களுக்கு லெனானா தான். கென்யா சுதந்திரம் அடைஞ்ச 1963 டிசம்பர்ல கிசோய் முன்யாவோ அந்த நாட்டுக் கொடிய ஏத்துனதும் இந்த லெனானால தான். 5000-க்கு 15 மீட்டர் தான் கம்மி, அதனால "கிளிமஞ்சாரோவ விட சின்னது தானே"னு யாரும் லேசா எடுத்துக்காதீங்க, உயரம் உடம்புக்குக் குடுக்கிற தொல்லை எல்லாம் இங்கயும் அப்படியே இருக்கு.

ஏன் சொகோரியா, ஏன் ஏறும்போதே

ஆளுங்க அதிகமா போற ரூட் மூணு. மேற்குல நாரோ மோரு, அது குட்டை வழி, சீக்கிரம் மேல போயிடலாம், அதனாலேயே நிறைய பேருக்கு அங்க தலைவலியும் வாந்தியும் வருது, நடுவுல சதுப்பு நிலம் வேற. வடமேற்குல சிரிமோன், காய்ஞ்ச பக்கம், சரிவு மெதுவா இருக்கும், கூட்டம் அங்க தான். கிழக்குல சொகோரியா.

டூர் ஆளுங்க கிட்ட கேட்டா பாதிப் பேர் "சிரிமோன்ல ஏறி சொகோரியால இறங்குங்க"னு தான் சொல்வாங்க. அந்த பிளான் மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுல ஒரு பெரிய இழப்பு இருக்கு. உச்சிய தொட்ட அதே நாள்ல, ராத்திரி தூங்காம, கால் துவண்டு போன நிலைமைல, சொகோரியா பக்கம் ஒரேயடியா 1500 மீட்டருக்கு மேல இறங்குவீங்க. கிழக்குப் பக்கத்துல மதியம் ஆச்சுன்னா மேகம் ஏறி வந்து மூடிடும். அப்போ அந்தப் பக்கம் இருக்கிற கோர்ஜஸ் வேலிங்கிற பள்ளத்தாக்கு, அதுக்குள்ள மைக்கேல்சன் ஏரி, ஏரிக்குப் பின்னாடி நிக்கிற செங்குத்துப் பாறை எல்லாமே வெள்ளைப் புகைக்குள்ள போயிடும், எப்போ கேட் வரும்னு கைடு கிட்ட கேட்டுக்கிட்டே நடப்பீங்க. மலையோட நல்ல பாதிய இப்படித்தான் பல பேர் பார்க்காமலே வர்றாங்க.

திருப்பிப் போட்டா கதையே மாறிடும். சொகோரியால ஏறுனா தூங்குற இடம் 2950, 3450, 4000, 4200னு படிப்படியா ஏறும், உடம்பு பழக நேரம் கிடைக்கும், காலைல மேகம் இல்லாத வெளிச்சத்துல அந்தப் பள்ளத்தாக்குல நடப்பீங்க, இறங்கும்போது சிரிமோன் பக்கம் சுலபமான நல்ல பாதை கிடைக்கும். எதிர்ல வர்றவங்கள மதியம் ஒரு அரை மணி நேரம் பார்ப்பீங்க, மத்தபடி பாதை உங்களுக்கு மட்டும் தான். இதுல ஒரே குறை, சொகோரியா பக்கம் மழை கொஞ்சம் கூட, ஊர்ல இருந்து கேட் வரைக்கும் போற காட்டு ரோடு மழைல சேறாயிடும். அதுக்குத் தான் மாசம் பார்த்துப் போகணும்.

எப்போ போறது

ஜனவரி, பிப்ரவரி தான் முதல் சாய்ஸ். அதை விட்டா ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும். மார்ச் பாதிக்கு மேல மே வரைக்கும் பெரிய மழைக்காலம், அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் பாதி வரைக்கும் சின்ன மழைக்காலம், இந்த ரெண்டுலயும் சொகோரியா வேண்டாம். காய்ஞ்ச மாசத்துலயும் மதியத்துக்கு மேல ஒரு தூறலோ ஆலங்கட்டியோ வரலாம், அதனால தினமும் காலைல ஏழு மணிக்கெல்லாம் கிளம்பி ஒரு மணிக்குள்ள கேம்ப் சேர்ற மாதிரி வெச்சுக்கோங்க. பூமத்திய ரேகைங்கிறதால வருஷம் பூரா காலைல ஆறரைக்கு ஒட்டி விடியும், சாயங்காலம் ஆறரைக்கு இருட்டும். பகல்ல டீஷர்ட் போதும், ராத்திரி 4200 மீட்டர்ல மைனஸ் அஞ்சு, மைனஸ் எட்டுனு போகும். ஒரே நாள்ல வெயில்காலமும் பனிக்காலமும் பார்த்துடலாம்.

பேப்பர் வேலை

இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. கென்யா 2024 ஜனவரில இருந்து விசாவுக்குப் பதிலா இடிஏனு ஆன்லைன் அனுமதி கொண்டு வந்திருக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் அது தான். அரசாங்கத்தோட சொந்த சைட்ல மட்டும் போடுங்க, அதே மாதிரி பேர் வெச்சுக்கிட்டு கூடக் காசு வாங்குற சைட் நிறைய இருக்கு.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. கென்யா போய்ட்டு இந்தியாவுக்குத் திரும்பி வரும்போது அந்த ஊசி போட்ட மஞ்சள் கார்டு இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை இருக்கு. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் அந்த கார்டு செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. எல்லா ஆஸ்பத்திரிலயும் போட மாட்டாங்க, அனுமதி வாங்கின மையங்கள்ல மட்டும் தான், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, முன்கூட்டியே நாள் கேட்டு வெச்சுக்கோங்க. முட்டை அலர்ஜி இருக்கிறவங்களும் 60 வயசு தாண்டினவங்களும் டாக்டர் கிட்ட பேசாம போடாதீங்க.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண டிராவல் பாலிசி போதாது. அதுல எவ்வளவு உயரம் வரைக்கும் டிரெக்கிங் கவர் ஆகுதுனு படிச்சுப் பாருங்க, பல பாலிசில 3000 இல்ல 4000 மீட்டரோட நிறுத்திடுவாங்க. 5000 மீட்டர் வரைக்கும் கவர் ஆகணும், ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவும் சேர்ந்திருக்கணும். ஒரு தடவை கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு எழுத்துலயே பதில் வாங்கி வெச்சுக்கிறது நல்லது.

பார்க் கட்டணம் கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ்க்குக் கட்டணும், சுருக்கமா கேடபிள்யூஎஸ்னு தான் எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு டாலர் கணக்கு, நாள் கணக்கு, ரேட் மாறிக்கிட்டே இருக்கும், அதனால போற மாசம் செக் பண்ணுங்க. கேட்ல கேஷ் வாங்க மாட்டாங்க, ஆன்லைன், கார்டு, இல்லன்னா எம்பெசாங்கிற மொபைல் பணம் தான். அப்புறம் பிளாஸ்டிக் விஷயம்: கென்யால 2017-லயே பிளாஸ்டிக் பைகளைத் தடை பண்ணிட்டாங்க, 2020-ல இருந்து தேசியப் பூங்காக்குள்ள ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடுற பாட்டிலும் கூடாது. பைக்குள்ள துணிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு, அதை வீட்டுலயே விட்டுட்டு துணிப்பையோ டிரை பேகோ எடுத்துக்கோங்க.

யார் கூட போறது

தன்னந்தனியா ஒருத்தர் மலைக்குள்ள போக விட மாட்டாங்க. கைடு வேணும், அதுவும் கேடபிள்யூஎஸ் கார்டு வெச்சிருக்கிற கைடு. நைரோபில இருக்கிற பெரிய கம்பெனி வழியாவும் போகலாம், ஆனா சொகோரியா ஊர்லயே கைடுகளும் போர்ட்டர்களும் சங்கமா சேர்ந்து வேலை பார்க்கிறாங்க, அவங்கள நேரா பிடிச்சா காசு நேரா அந்தக் குடும்பத்துக்குப் போகுது. அந்த மலைச்சரிவுலயே டீயும் காபியும் பயிர் பண்ணி வளர்ந்தவங்க அவங்க, காட்டுக்குள்ள யானை எந்தப் பக்கம் நிக்குதுனு சாணத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்க.

பேசும்போது இதெல்லாம் கேளுங்க: எத்தனை நாள் பிளான், கட்டணத்துல பார்க் ஃபீஸ் சேர்ந்திருக்கா, சிரிமோன் கேட்ல இருந்து வண்டி இருக்கா, போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு போய்ச் சேருது, அவங்களுக்கு டென்டும் ஸ்லீப்பிங் பேகும் இருக்கா. கடைசி ரெண்டு கேள்விக்கு மழுப்புறவங்க கூட போகாதீங்க. ராத்திரி மைனஸ்ல போர்ட்டர் ஒரு போர்வையோட சுருண்டு கிடக்க, நாம டென்டுக்குள்ள சொகுசா தூங்குறது நியாயமே இல்ல. நாலு நாள்ல முடிச்சுத் தர்றேன், விலையும் கம்மினு வர்ற ஆஃபரையும் ஒதுக்கிடுங்க. கேட்ல இருந்து ஆறு நாள், முடிஞ்சா ஏழு. அந்த ஒரு நாள் காசை மிச்சம் பிடிக்கப் போய் தான் பெரும்பாலானவங்க உச்சிக்குக் கீழயே வாந்தி எடுத்துத் திரும்புறாங்க.

உடம்பும் சாமானும்

ஓட்டப்பந்தய வீரரா இருக்கணும்னு இல்ல. ஆறு மணி நேரம் விடாம நடந்துட்டு மறுநாள் திரும்ப ஆறு மணி நேரம் நடக்க முடியணும், அதான் அளவுகோல். மூணு மாசம் முன்னாடியே மாடிப்படி ஏறுங்க, முதுகுல ஆறேழு கிலோ பையோட ஏறுங்க, அதை விட முக்கியம் இறங்கவும் பழகுங்க, முட்டி வலி வர்றது இறங்கும்போது தான். ஷூவ புதுசா வாங்கிட்டு அப்படியே ஃபிளைட் ஏறாதீங்க, குறைஞ்சது ஒரு மாசமாவது போட்டு நடந்திருக்கணும்.

சாமான்ல எதுல காசு செலவு பண்ணணும்னா ஸ்லீப்பிங் பேக், மைனஸ் பத்து டிகிரி தாங்குற மாதிரி. வாடகைக்கு சிரிமோன் கேட் பக்கத்து டவுன் நன்யுகிலயும் நைரோபிலயும் கிடைக்கும், ஆனா ஜிப்பை இழுத்து மூடிப் பார்த்துட்டு எடுங்க. அதுக்கப்புறம் ரெயின் ஜாக்கெட்டும் ரெயின் பேன்ட்டும், டவுன் ஜாக்கெட், உள்ள போட தெர்மல் ரெண்டு செட், கம்பளி சாக்ஸ். பருத்தி பனியன் வேண்டாம், நனைஞ்சா காயாது, குளிர் எலும்புக்குள்ள போகும். சொகோரியா பக்கம் புல் மேடும் சேறும் இருக்கிறதால ஷூவுக்கு மேல முழங்கால் வரைக்கும் மூடுற கெய்ட்டர்ங்கிற உறை போட்டுக்கோங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ரெண்டாவது நாள் அதோட அருமை தெரியும். கையுறை ரெண்டு ஜோடி, ஒண்ணு பிடி நல்லா இருக்கணும், ஏன்னு கீழ சொல்றேன். ஹெட்லாம்ப், கூடவே மாத்து பேட்டரி, குளிர்ல சார்ஜ் சட்டுனு இறங்கிடும், ராத்திரி பேட்டரியையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வெச்சுத் தூங்குங்க. சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும் கட்டாயம், கறுத்த தோலுக்கு என்ன ஆகப்போகுதுனு நினைக்காதீங்க, 4000 மீட்டர் வெயில் மூக்கு உரியற அளவுக்குச் சுடும். போர்ட்டர் கிட்ட குடுக்கிற பை 12 கிலோவுக்குள்ள இருக்கட்டும்.

முதல் நாள்: சொகோரியா ஊர்ல இருந்து கேட் (2950 மீட்டர்)

நைரோபில இருந்து திகா, எம்பு வழியா சொகோரியா வர நாலு மணி நேரம் ஆகும், மேரு போற மட்டாட்டு வேன்லயும் வரலாம். முதல் நாள் ராத்திரியே ஊருக்கு வந்து தங்கிட்டா நல்லது. ஊர்ல இருந்து கேட் வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர் காட்டு ரோடு, ஃபோர் வீல் டிரைவ் ஜீப் தான். டீத் தோட்டம் முடிஞ்சதும் பெரிய மரக்காடு, அப்புறம் மூங்கில், அதுக்கப்புறம் பாசி தொங்குற ஹகேனியா மரங்கள். கடைசி ஒரு மணி நேரத்தை ஜீப்ல இருந்து இறங்கி கைடு கூட நடந்தே போங்க. காட்டெருமையும் யானையும் இருக்கிற இடம், அதனால முன்னாடி ஓடாதீங்க, ஹெட்ஃபோன் போடாதீங்க.

கேட் பக்கத்துல மரவீடுங்க இருக்கு, அங்க பாண்டானு சொல்வாங்க. கணப்பு அடுப்பு உண்டு. நேரா 2950-ல தூங்குறதே நம்ம மாதிரி சமவெளி ஆளுங்களுக்கு முதல் ராத்திரிக்குப் போதும், அன்னைக்கே மேல போக ஆசைப்பட வேண்டாம்.

ரெண்டாவது நாள்: எல்லிஸ் ஏரி (3450 மீட்டர்)

நாலஞ்சு மணி நேர நடை. காடு முடிஞ்சு ஆள் உயரத்துக்கு ஹீத்தர் புதர், அதுவும் குறைஞ்சு திறந்த புல்வெளி. எல்லாரும் நேரா போற பாதை ரோடு முடியற இடத்துக்குப் போகும், அங்க ஓடைக் கரைல ஒரு கேம்ப் உண்டு, பக்கத்துலயே நித்தி அருவி. நேரம் இருந்தா அருவிய எட்டிப் பாருங்க, ஆனா தூங்குறதுக்கு எல்லிஸ் ஏரிக்கே போங்க. கொஞ்சம் சுத்து தான், ஆனா அகலமான அமைதியான ஏரி, தண்ணி குடிக்க வர்ற காட்டெருமை தடத்தைக் கரைல பார்க்கலாம். சாயங்காலம் மேகம் விலகினா பக்கத்துல முகி குன்றுல ஏறிட்டு இறங்குங்க, பகல்ல உயரமா ஏறி ராத்திரி தாழ்வா தூங்குறது உடம்பு பழக ரொம்ப உதவும். முதல் தடவையா மெயின் உச்சிங்க கண்ணுக்குத் தெரியறதும் இங்க தான்.

மூணாவது நாள்: கோர்ஜஸ் வேலிக்குள்ள, மைக்கேல்சன் ஏரி (சுமார் 4000 மீட்டர்)

இந்த ஒரு நாளுக்காகவே சொகோரியால வரலாம். ஆறு ஏழு மணி நேரம் ஆகும், அவசரமே வேண்டாம். பாதை ஒரு நீண்ட மலைமுகட்டு மேல போகும், இடது பக்கம் பார்த்தா பனியாறு பல்லாயிரம் வருஷம் தேய்ச்சுத் தோண்டின பெரிய பள்ளத்தாக்கு, அடில விவியன் அருவி ஒரு வெள்ளைக் கோடா விழும். நிறைய குழு முகட்டு மேலயே நேரா மிண்டோஸ் ஹட் போயிடுவாங்க, அது 4200-க்கும் மேல, ஒரே நாள்ல 800 மீட்டருக்கு மேல ஏத்தம், அது உடம்புக்கு ஜாஸ்தி. நீங்க பள்ளத்தாக்குக்குள்ள இறங்கி ஏரிக்கரைல டென்ட் போடச் சொல்லுங்க. கைடு "அது கஷ்டம், ஹட் கிட்டயே தங்கலாம்"னு சொல்லலாம், புக் பண்ணும்போதே இதைப் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னா பிரச்சனை இல்ல. ஏரிக்குப் பின்னாடி சுமார் 300 மீட்டர் செங்குத்தா நிக்கிற பாறைச் சுவருக்குப் பேரு டெம்பிள்.

இந்த உயரத்துல செடிகளைக் கொஞ்சம் உக்காந்து பாருங்க. லொபேலியானு ஒண்ணு, தரையோட தரையா முட்டைக்கோஸ் மாதிரி இலை அடுக்கு, நடுக்குழில தண்ணி நிக்கும். காலைல வெயில் படறதுக்கு முன்னாடி போய் விரலால தொட்டா மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ், அதை உடைச்சா உள்ள கொழகொழனு உறையாத தண்ணி. ராத்திரி இலை எல்லாம் உள்பக்கமா மூடிக்கும், அந்தத் தண்ணியும் சேர்ந்து நடுவுல இருக்கிற குருத்தைக் குளிர்ல இருந்து காப்பாத்துது. இன்னொரு வகை லொபேலியா ஆள் உயரத்துக்கு முடி முளைச்ச தூண் மாதிரி நிக்கும், அந்த முடிக்குள்ள நீலப் பூ ஒளிஞ்சிருக்கும், தேன் குடிக்க பச்சையா மின்னுற தேன்சிட்டு வரும். ஒரே தடவை பூத்துட்டு அந்தச் செடி செத்துடும். கிரவுண்ட்செல் மரம் வேற, காய்ஞ்ச இலைய உதிர்க்காம தண்டைச் சுத்தி அப்படியே போர்வையா வெச்சுக்கும். அதனால தயவுசெஞ்சு அந்தக் காய்ஞ்ச இலையப் பிச்சு நெருப்பு மூட்ட விடாதீங்க, அதைப் பிச்சா மரம் குளிர்ல போயிடும். பூங்காக்குள்ள விறகு எரிக்கவும் கூடாது, சமையல் கேஸ்ல தான்.

நாலாவது நாள்: சிம்பா கணவாய் தாண்டி ஷிப்டன்ஸ் கேம்ப் (4200 மீட்டர்)

காலைல முதல் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும், பள்ளத்துல இருந்து வெளிய ஏறணும். மேல வந்தா ஹால் டார்ன்ஸ்னு தெளிவான சின்னச் சின்னக் குட்டைங்க. அங்க இருந்து பத்து நிமிஷத்துல டெம்பிள் பாறையோட நுனி, நேத்து ராத்திரி தூங்கின ஏரி காலுக்குக் கீழ தெரியும். விளிம்புல காத்து தள்ளும், படுத்துக்கிட்டு எட்டிப் பாருங்க. அப்புறம் சரளைக் கல்லுல மெதுவா ஏறி 4620 மீட்டர்ல சிம்பா கணவாய், அதைத் தாண்டி வடக்க இறங்கினா மெக்கிண்டர் பள்ளத்தாக்கோட தலைமாட்டுல ஷிப்டன்ஸ் கேம்ப். மொத்தம் அஞ்சாறு மணி நேரம். இங்க தான் சிரிமோன்ல வந்த கூட்டத்தோட சேருவீங்க, கல்லுக் கட்டடம், பங்க் கட்டில், பாட்டியன் தலைக்கு மேலயே நிக்கும்.

கேம்ப் முழுக்க ஹைராக்ஸ்னு கொழுகொழுனு முயல் அளவுக்கு ஒரு பிராணி சுத்தும். பார்த்தா எலி ஜாதினு தோணும், ஆனா உயிரியல் கணக்குல யானைக்குச் சொந்தம். பைய திறந்து வெச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள பிஸ்கட் காணாம போயிடும். சாப்பாடு போட்டுப் பழக்காதீங்க.

ஏழு நாள் பிளான்ல வந்தவங்க மறுநாள் இங்கயே தங்கி, ஹவுஸ்பர்க் கணவாய் வரைக்கும் 4591 மீட்டர் ஏறிட்டு வந்து தூங்குங்க. என் கணக்குல மொத்த பயணத்துலயே காசு குடுத்து வாங்கக் கூடிய நல்ல விஷயம் இந்த ஒரு நாள் தான்.

உச்சி நாள்: லெனானா (4985 மீட்டர்), அப்புறம் ஓல்ட் மோசஸ் (3300 மீட்டர்)

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சூடா டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு ரெண்டரை, மூணுக்குக் கிளம்பணும். தூரம் கம்மி, ஏத்தம் கிட்டத்தட்ட 800 மீட்டர், மூணு நாலு மணி நேரம். ஆரம்பம் முழுக்க சரளைச் சரிவு, ரெண்டு அடி ஏறினா அரை அடி சறுக்கும். முன்னாடி இருக்கிறவர் குதிகால மட்டும் பார்த்துட்டு, மூக்கால மூச்சு விட முடியற வேகத்துல நடங்க, வாயால மூச்சு வாங்க ஆரம்பிச்சா அது உங்க வேகம் இல்ல. தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க, ஐஸ் மூடி பக்கம் பிடிக்காது. ஹாரிஸ் டார்ன் குட்டையத் தாண்டினதும் பாறை ஆரம்பிக்கும், உச்சிக்குக் கிட்ட சில இடத்துல இரும்புக் கம்பியும் படியும் அடிச்சிருக்காங்க, அதைப் பிடிச்சு ஏறத்தான் பிடி நல்லா இருக்கிற கையுறை. வெறுங்கையால அந்தக் கம்பியத் தொட்டீங்கன்னா விரல் மரத்துடும். பயிற்சி எதுவும் வேண்டியதில்ல, மூணு இடத்துல பிடிமானம் வெச்சு நாலாவதை நகர்த்துங்க, அவ்வளவு தான்.

ஆறரை மணி வாக்குல வெளிச்சம் வரும். எதிர்ல பாட்டியனும் நெலியனும், சிவப்பா பத்திக்கிட்ட மாதிரி. தெற்க தூரத்துல, காத்து தெளிவா இருந்தா மேகத்துக்கு மேல கிளிமஞ்சாரோ. கீழ லூயிஸ் பனியாறு இருக்கிற இடத்தையும் பாருங்க. ஒரு காலத்துல அந்தப் பள்ளம் பூரா நிறைஞ்சிருந்தது, இப்போ சாம்பல் பாறைக்கு நடுவுல சுருங்கின ஒரு அழுக்கு ஐஸ் துண்டு. பழைய போட்டோவ போன்ல வெச்சுக்கிட்டு அங்க நின்னு பார்த்தா வயிறு கலங்கிடும். நம்ம ஆயுசுக்குள்ளயே அது காணாம போகப்போகுது, பார்க்கணும்னு நினைக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க.

உச்சில அரை மணி நேரம் போதும். ஷிப்டன்ஸ்க்கு இறங்கி நல்லா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கால் நீட்டிட்டு, மெக்கிண்டர் பள்ளத்தாக்கு வழியா ஓல்ட் மோசஸ் கேம்ப்புக்குச் சுமார் 14 கிலோமீட்டர். நீளமான நாள், ஆனா சரிவு இதமா இருக்கும். முடியலன்னா ஷிப்டன்ஸ்லயே இன்னொரு ராத்திரி தங்கிக்கலாம்.

உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க

5000 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல தான். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுறது பாதிப் பேருக்கு வரும். அப்போ மேல போகாம அங்கயே இருந்து தண்ணி குடிச்சு ஓய்வெடுத்தா சரியாகும். ரெண்டு விஷயத்துல மட்டும் ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. ஒண்ணு, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் நிக்கல, நுரை வருதுன்னா நுரையீரல்ல நீர் கோக்குது. இன்னொண்ணு, பேச்சு குழறுது, கோடு போட்டு குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னா தள்ளாடுறாங்கன்னா மூளை வீங்குது. ரெண்டுக்கும் உடனே கீழ இறக்கணும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும், உச்சி நூறு மீட்டர்ல இருந்தாலும். விடியட்டும்னு காத்திருந்து உயிர் போன கதைகள் எல்லா மலையிலயும் உண்டு.

டயமாக்ஸ் மாத்திரை உதவும், பொதுவா 125 மில்லிகிராம் காலைலயும் சாயங்காலமும், ஏற ஆரம்பிக்கிறதுக்கு முதல் நாள்ல இருந்து. சல்ஃபா அலர்ஜி இருந்தா கூடாது, டாக்டர் கிட்ட கேட்காம எடுக்காதீங்க, ஊர்லயே ஒரு தடவை போட்டுப் பாருங்க, விரல் நுனி குறுகுறுக்கிறதும் அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதும் சகஜம். தூக்க மாத்திரையும் சரக்கும் மேல இருக்கிற வரைக்கும் தொடவே கூடாது.

சாப்பாடு

இதுல நமக்குக் கவலையே இல்ல. கென்யா சமையல்காரங்க டென்டுக்குள்ள குத்துக்கால் போட்டு உக்காந்து போடுற சப்பாத்தி அடுக்கடுக்கா பரோட்டாவுக்குக் கிட்ட வரும், கூட ன்டெங்குனு சொல்ற பச்சைப்பயறு குழம்பு, சுகுமா கீரைப் பொரியல், பால் விட்ட இஞ்சி டீ. சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லுங்க, முட்டை சாப்பிடுவீங்களானு தனியா சொல்லுங்க, இல்லன்னா தினமும் முட்டை தான் வரும். 4000-க்கு மேல பசிக்காது, அப்போ நாக்குக்குத் தெரிஞ்ச ஏதாவது இருந்தா தான் உள்ள இறங்கும், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கடலை மிட்டாயும் எடுத்துட்டுப் போங்க. தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டருக்குக் குறையாம, ஓடைத் தண்ணிய கொதிக்க வெச்சு.

கடைசி நாள்: சிரிமோன் கேட் (2650 மீட்டர்), நன்யுகி

ஓல்ட் மோசஸ்ல இருந்து ஒன்பது கிலோமீட்டர் ஜீப் ரோடு, ரெண்டரை மணி நேரம். காலைல வரிக்குதிரையும் மான்களும் பாதைலயே நிக்கும், குரங்கும் உண்டு. டிப்ஸ மலைல இருக்கும்போதே, ஓல்ட் மோசஸ் ராத்திரில, ஒவ்வொருத்தர் பேருக்கும் தனிக் கவர்ல ஷில்லிங்கா போட்டு அவங்கவங்க கைலயே குடுத்துடுங்க, மொத்தமா ஒருத்தர் கிட்ட குடுத்தா கடைசிப் போர்ட்டர் வரைக்கும் போய்ச் சேருமானு உங்களுக்குத் தெரியாது. ஷூ, ஜாக்கெட் குடுக்கிறதா இருந்தா நல்ல நிலைமைல இருக்கிறதைக் குடுங்க.

கேட்ல இருந்து நன்யுகி டவுன் பக்கம் தான், பூமத்திய ரேகை போர்டு அங்க இருக்கு. 1943-ல இந்த ஊர் போர்க்கைதி முகாம்ல இருந்து மூணு இத்தாலியர்கள் தப்பிச்சு, கைல செஞ்ச சாமானோட மலை ஏறி, ரெண்டு பேர் லெனானால கொடி நட்டுட்டு, திரும்ப வந்து முகாம்லயே சரணடைஞ்சாங்க. உணவு டின் மேல இருந்த மலைப் படம் தான் அவங்களுக்கு ஒரு வழிகாட்டி. நன்யுகில ஒரு ராத்திரி தங்கிக் குளிச்சுத் தூங்கிட்டு, மறுநாள் நைரோபிக்கு நாலு மணி நேரம். இறங்கின அன்னைக்கே ஃபிளைட் போடாதீங்க, திகா ரோடு டிராஃபிக்ல மாட்டினா மணிக்கணக்குல நிக்கும், மலைல மேகம் சூழ்ந்து ஒரு நாள் தள்ளிப் போனாலும் சமாளிக்க கைல ஒரு நாள் இருக்கணும். மஞ்சள் கார்டை பாஸ்போர்ட்டுக்குள்ளயே செருகி வைங்க, இந்தியால இறங்கினதும் கேட்பாங்க.